கட்டுதலும் அவிழ்த்தலும்

நமது கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை நீலம் பாரித்திருக்கக் கண்டு, வைகறைத் திருப்பலிக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "சாமி, உடம்புக்கு ஏதும் தீங்கோ?" என்று கவலையோடு வினவினார். தீங்கு ஒன்றுமில்லை, துணிக்குச் சாயம் போட்டோம் என்று விடை பகர்ந்தோம். அவர் அதை நம்பவில்லை என்பதை அவர் முகமே காட்டியது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. குருமடத்தில் நாம் இலத்தீன் பயின்றோம். மெய்யியலும் இறையியலும் பயின்றோம். ஒரு முழத் துணியை எவ்வாறு நூலால் கட்டிச் சாயத்தில் அமிழ்த்துவது என்பதை எவரும் நமக்குக் கற்பித்ததில்லை. ஐம்பதைக் கடந்த வயதில், அதுவும் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியிடம், அதைக் கற்க நேர்ந்தது எவ்வாறு என்பதை வாசகர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

2023ஆம் ஆண்டு மே மாதம். நாம் பணிபுரிவது கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமாதலால், ஊர் ஓசையடங்கிக் கிடந்தது. நமது தமக்கையார் தம் பேத்தியோடு விடுமுறைக்கு வந்து பங்கு இல்லத்தில் தங்கியிருந்தார். பேத்தி கல்லூரி விடுதியில் தோழியரிடம் புதிதாக ஒரு கலையைக் கற்று வந்திருந்தாள். துணியை முறுக்கியும் மடித்தும் நூலால் இறுகக் கட்டிச் சாயமிட்டால், கட்டிய இடங்களில் சாயம் ஏறாது; அவிழ்க்கும்போது அங்கெல்லாம் வெண்மையாகப் பூவும் புள்ளியும் தோன்றும். இது ஒரு வகை. துணியின்மேல் பனிக்கட்டியைக் குவித்து, அதன்மேல் சாயப்பொடியைத் தூவி, உருகும் நீரே சாயத்தைத் துணிக்குள் கொண்டுசெல்ல விடுவது மற்றொரு வகை. சாயப்பொடிப் பொட்டலங்கள் நான்கைந்தைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். துணிதான் வேண்டியிருந்தது.

"ஆச்சி, உங்கள் வெள்ளைச் சேலை ஒன்று தாருங்களேன்" என்று கேட்டாள்.

"என் சேலைக்குச் சாயமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார் தமக்கையார்.

"துவைக்கும்போது நீலம் போடுகிறீர்களே, அது மட்டும் நிறமில்லையா?"

இதற்கு அவரால் விடை கூற இயலவில்லை. ஆயினும் சேலையும் தரவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் நம் பக்கம் திரும்பி, "சாமித் தாத்தா, நீங்கள் சொன்னால் ஆச்சி கேட்பார்கள்" என்றாள். நாம் ஒன்றும் சொல்லாமல் நாளிதழை விரித்துக்கொண்டோம்.

நிற்க. நாம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

நமது அத்தான் 2011ஆம் ஆண்டில் இறந்தார். பள்ளி ஆசிரியர், நல்ல மனிதர். அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். கணவனை இழந்தவள் வெள்ளையன்றி வேறொன்றும் உடுத்தலாகாது என்று திருச்சபை எங்கும் விதித்ததில்லை. இதை நாம் நன்கறிவோம். எனினும் நமது குடும்பத்தில் அது தலைமுறை தலைமுறையாக வழக்கம். பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைச் சேலை ஒன்றைத் தமையனோ தம்பியோ வாங்கிப் போட வேண்டும் என்பதும் வழக்கம். அந்தக் கோடியை வாங்கியது நாம்தான். கடையில் நின்று, நல்ல பருத்தியாகத் தாருங்கள் என்று கேட்டு வாங்கியதுகூட நினைவிருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் உறவுக்காரப் பெண்கள் கூடி, தமக்கையாரின் இரும்புப் பெட்டியைத் திறந்து, நிறச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தமக்குள் பங்கிட்டனர். பெட்டி காலியாகும்போது தமக்கையார் நம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். நாம் கட்டளைச் செபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தோம். அன்று எந்தப் பக்கத்தைப் படித்தோம் என்று கேட்டால் சொல்ல இயலாது.

பன்னிரண்டு ஆண்டுகள் மௌனமாயிருந்த நாவால், ஒரு சிறு பெண்ணின் வேண்டுகோளுக்காக, "அக்கா, நிறச் சேலை உடுத்துங்கள்" என்று சாமியார் தோரணையில் உபதேசிக்க நமக்கு நாணமாயிருந்தது. ஆதலால் வேறொரு வழியில் இறங்கினோம். "ஆச்சியின் சேலை வேண்டாம், நமது பழைய அங்கி ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள். எனக்கும் கற்றுக்கொடு" என்றோம்.

முதல் நாள் முயற்சி முற்றிலும் பாழாயிற்று. காரணங்கள் இரண்டு, இரண்டும் வீட்டில் முயல விரும்புவோர் அறிய வேண்டியவை.

சாயப்பொடி பருத்தியைப் பற்றிக்கொள்ளக் காரம் வேண்டும். அதற்குத் துணியைச் சோடாக் கரைசலில் ஊறவைக்க வேண்டும் என்று பேத்தி சொல்ல, கோயிற்பிள்ளையை அழைத்து, "சோடா உப்பு வாங்கி வாரும்" என்று அனுப்பினோம். அவர் மளிகைக் கடையிலிருந்து ஆப்பச் சோடா வாங்கி வந்தார். நாமும் அதையே கரைத்தோம். வேண்டியதோ சலவைச் சோடா. இரண்டும் உறவுமுறைப் பெயர்கொண்ட வெவ்வேறு பொருள்கள். ஆப்பத்துக்கு இடுவதில் இருக்கும் காரம் இந்தச் சாயத்துக்குப் போதாது. இரண்டாவது, நமது அங்கி டெரிகாட்டன். அதில் பாதி பாலியெஸ்டர். அந்த இழையை இந்தச் சாயம் அறவே தீண்டாது. மறுநாள் அலசியபோது நீலம் முழுதும் வாளியோடு போயிற்று. அங்கியில் மிஞ்சியது, மழையில் நனைந்த மைக்கடிதம் போன்ற ஒரு மங்கல். கையுறை அணியாமையால் நமது கைகளில் மட்டும் சாயம் செவ்வையாகப் பிடித்திருந்தது. பீடச் சிறுவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

தோல்வி நம்மைச் சற்று உசுப்பியது என்றே சொல்ல வேண்டும். சாயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். பழங்காலத்தில் நம் கடற்கரை மணலிலேயே இம்பூறல் என்னும் சிறு செடி வளர்ந்தது. அதன் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தனர். சாயவேர் என்றே அதற்குப் பெயர். நீலத்துக்கு அவுரி. 1856இல் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கில இளைஞர், மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்று, மருந்துக்குப் பதிலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்று தொடங்கியது செயற்கைச் சாயங்களின் காலம். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1956இல், பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடும் புரோசியன் சாயங்கள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. நேரடிச் சாயங்கள் போன்ற பழைய வகைகள் பல, இழையில் விருந்தாளிபோல் தங்கி, துவைக்கத் துவைக்க விடைபெற்றுக்கொள்ளும். இவையோ சம்பந்தியாகிவிடும், பிறகு பிரிப்பது எளிதன்று. அடுப்பும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். நம் ஊர் வெப்பமே போதும். வீட்டுப் பெண்கள் கொல்லைப்புறத்தில் இந்தக் கலையைச் செய்ய முடிவது இவ்வகைச் சாயத்தால்தான்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 60 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து, பருத்தித் தலையணை உறைகளை அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தோம். பனிக்கட்டிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன; மீனுக்கென்று உடைத்த ஐஸ் கரையில் கிடைத்தது. கோணிப்பையில் கட்டித் தோளில் சுமந்து வந்த இளைஞன், "சாமி, எத்தனை கிலோ மீன் வாங்கினீர்கள்?" என்றான். மீன் ஏற்றும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கழுவி, வாளியின்மேல் வைத்து, அதில் உறைகளைக் கசக்கிப் பரப்பி, பனிக்கட்டியால் மூடினோம். அதன்மேல் பேத்தி ஊதாப்பொடியைத் தேக்கரண்டியால் தூவினாள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பொடி மிக நுண்ணியது. மூச்சில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமையும் இளைப்பும் உண்டாக்கும். ஆகையால் முகக்கவசம் அணிந்துதான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். சிறு குழந்தைகளை அருகில் விடலாகாது. கையுறை கட்டாயம் (நமது கைகளே சாட்சி). இதற்குப் பயன்படுத்திய பாத்திரமும் கரண்டியும் மீண்டும் சமையற்கட்டுக்குள் நுழையலாகாது.

வெயில் கடுமையாதலால் பனிக்கட்டி ஓரிரு மணி நேரத்தில் உருகிவிட்டது. எனினும் அவசரப்படாமல், துணி உலராதபடி மூடி, மறுநாள் வரை வைத்தோம். பின் தெளிநீர் வரும்வரை குளிர்ந்த நீரில் அலசி, பிறகு வெந்நீரிலும் சோப்பிலும் துவைத்து விரித்தபோது நாம் வியந்து நின்றோம். ஊதா என்று தூவியது ஒரே நிறமன்று. கடைகளில் கிடைக்கும் பல சாயங்கள் இரண்டு மூன்று நிறங்களின் கலவையே. உருகும் நீரில் அவை கரையும் வேகமும் இழையைப் பற்றும் வேகமும் வேறுவேறாகையால், ஓரிடத்தில் ரோசா நிறமும், அதன் விளிம்பில் நீலமும், இடையில் மாலைக் கடலின்மேல் தோன்றுமே அந்தக் கருநீலமும் தனித்தனியே பிரிந்து நின்றன. யாரும் வரையவில்லை, யாரும் திட்டமிடவுமில்லை. உறையில் இலேசான நெத்திலி வாடை மட்டும் இருந்தது. அது இரண்டாம் சலவையில் போயிற்று.

தமக்கையார் திண்ணையில் அமர்ந்தபடியே இத்தனையையும் பார்த்திருந்தார். முதலில் அலசும் முறையில் குறை கண்டார். "இப்படிப் பிழிந்தால் துணி என்னத்துக்கு ஆகும்? தள்ளுங்கள்" என்று தாமே வாளியருகில் வந்துவிட்டார். பிறகு நாம் புள்ளிகள் கட்டிய அழகைப் பார்த்துச் சிரித்தார். வலை செப்பனிடும் பெரியவர் ஒருவரிடம் நைலான் நூல் வாங்கி, அவர் கற்றுத் தந்த முடிச்சையே போட்டிருந்தோம். சுறா இழுத்தாலும் அவிழாத முடிச்சு அது. கத்தரிக்கோலால் வெட்டப்போய்த் துணியில் மூன்று ஓட்டைகள் விழுந்தன.

"சுங்குடிக்கு யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள், சாமி. நகத்து நுனியால் துணியைக் கிள்ளி எடுத்து, பருத்தி நூலால் நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். அவிழ்க்கும்போது துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தானே வரும்."

உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். திருமணமான ஆண்டில் அத்தானோடு மதுரைக்குச் சென்றிருந்தாராம். சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து புள்ளி கட்டுவதை நெடுநேரம் நின்று பார்த்தாராம். மதுரைச் சுங்குடி அம்மக்களின் கைத்திறன். குசராத்திலிருந்து வந்து நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய நெசவுக் குடிகள் அவர்கள். அதற்கு 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று சுங்குடி என்று விற்பவற்றில் மிகுதியும் மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ ஆனவை. விரலால் கட்டியது அரிது. அன்று அத்தான் வாங்கித் தந்தது விரலால் கட்டியது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். "ஒவ்வொரு புள்ளியும் சின்ன முகடாக எழும்பி நிற்கும். இருட்டில் தடவிப் பார்த்தாலே என் சேலை என்று சொல்லிவிடுவேன்" என்றார்.

அந்தச் சேலை இப்போது எங்கே என்று பேத்தி கேட்டுவிட்டாள். தமக்கையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பெட்டியைத் திறந்த அன்று அதை யார் எடுத்தார் என்பதையும், மறு ஆண்டுத் திருவிழாவில் அந்த உறவினர் அதை உடுத்தி வந்து தமக்கு முன் வரிசையில் முழங்காற்படியிட்டதையும் கூறினார். "அன்றைக்குப் பூசை முழுவதும் எனக்கு அந்தப் புள்ளிகள்தான் தெரிந்தன. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன்" என்றார். எந்தச் சாமியாரிடம் சொன்னார், அவர் என்ன சொன்னார் என்பதை நாம் கேட்கவில்லை, கேட்பதும் முறையன்று.

அன்று மாலை தமக்கையார் தம் பையிலிருந்து வெள்ளைச் சேலைகள் மூன்றைக் கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஓர் இழையை உருவி, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினோம். உருகிக் கருமணியாகத் திரண்டால் அது செயற்கை இழை. தாள் கருகும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. இரண்டு சேலைகள் உருகின. மூன்றாவது சாம்பலாயிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு, "இது நீங்கள் போட்ட கோடி" என்றார்.

நமக்கு நா எழவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அதை அவர் ஓரிரு முறையே உடுத்தியிருந்தார் போலும், மடிப்புக்கூடக் கலையவில்லை. "கட்டித் தருகிறேன், ஆனால் கட்டிக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள்" என்று பேத்தியிடம் முன்னதாகவே நிபந்தனை விதித்தார். தமிழில் நூலைக் கட்டுவதற்கும் சேலையைக் கட்டுவதற்கும் சொல் ஒன்றாக இருப்பதை அன்றுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

பன்னிரண்டு நாள்கள் புள்ளி கட்டினார். காலையில் சமையல் முடிந்தபின் ஒரு மணி நேரம், மாலையில் பூவரச மரத்தடியில் விளக்கு வைக்கும்வரை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நகத்தால் கிள்ளி, சுற்றி, நகர்ந்து, கிள்ளி, சுற்றி. அருகிலிருந்த வீடுகளின் பெண்கள் வந்து பார்த்தனர். சிலர் தாமும் பத்துப் பதினைந்து புள்ளிகள் கட்டினர். அவர்கள் கட்டியது தளர்வாயிருந்தால் தமக்கையார் ஓசையின்றி அவிழ்த்து மறுபடி கட்டினார். வரிசைக்கணக்கு வைத்திருந்தார், மொத்தம் 1,300க்கு மேல் என்றார். ஐந்தரை மீட்டர்ச் சேலை கட்டக் கட்டச் சுருங்கி, இறுதியில் ஒரு கோழிக்கூடையில் அடங்கும் அளவாயிற்று.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, பேத்தி உள்ளே இருக்கையில், "அக்கா, அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்" என்றோம்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. "ஆமாம், பேசியிருக்க வேண்டும்" என்றார்.

சாமியார் ஒருவர் தம் குறையை ஒப்புக்கொண்டால், "அதெல்லாம் பரவாயில்லை, சாமி" என்று சொல்வதே நம் மக்களின் வழக்கம். அந்த வழக்கத்துக்கு நாமும் பழகிவிட்டோம். அதை எதிர்பார்த்திருந்தோம் என்பதை, அது வராதபோதுதான் உணர்ந்தோம். அவர் மேலும் நாலைந்து புள்ளிகள் கட்டினார். பிறகு, குரல் உயராமலே, "நீங்கள் குருப்பட்டம் வாங்கியதிலிருந்து வீட்டில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். அன்றைக்கும் பார்த்தார்கள். நீங்கள் குனிந்துகொண்டீர்கள். அவர்கள் பெட்டியைத் திறந்தார்கள்" என்றார்.

நாம் எழுந்து போய்விடாமல் அங்கேயே அமர்ந்திருந்தோம். அவர் நூற்கண்டை நம்மிடம் நீட்டி, "சிக்கு எடுங்கள்" என்றார். எடுத்தோம்.

சாயமிடும் நாள் வந்தது. புள்ளிச் சேலைக்குப் பனிக்கட்டி ஒத்துவராது. ஒரே சீரான சிவப்பு வேண்டுமானால் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். சேலை ஏறத்தாழ அரைக் கிலோ. அதற்குச் சாயம் 20 கிராம். கட்டுகள் இறுகிச் சாயத்தைத் தடுக்கும்பொருட்டு, முதலில் வெறும் நீரில் நனைத்துக்கொண்டோம். உப்புக் கரைத்த நீரில் சாயத்தைக் கலந்து, சேலையை இட்டு, இருபது நிமிடம் விடாமல் கிளறினோம். உப்பு சாயத்தை இழைப்பக்கம் தள்ளும். அதன்பின் தனியே கரைத்த சலவைச் சோடாவை, துணியின்மேல் நேராக விழாதபடி, சிறிது சிறிதாகச் சேர்த்து, மேலும் ஒரு மணி நேரம். காரம் சேர்ந்தபின்தான் சாயம் பிணையத் தொடங்கும். அதே வேளையில் தண்ணீரோடும் சேர்ந்து வலுவிழக்கத் தொடங்கும். ஆகையால் மிஞ்சிய கரைசலை நாளைக்கு என்று மூடி வைத்துப் பயனில்லை. பேத்தி ஏழெட்டு முறை, "போதுமா, எடுக்கலாமா?" என்றாள். தமக்கையார் ஒரு சொல்லும் சொல்லாமல் துடுப்புப் போன்ற கட்டையால் கிளறிக்கொண்டே இருந்தார்.

கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். நொய்யலாறு சாயக் கழிவால் என்ன பாடுபட்டது என்பதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் நாம் அறிந்தவையே. வீட்டில் போடும் ஒரு வாளிச் சாயம் ஆற்றைக் கெடுத்துவிடாது என்பது உண்மை. ஆயினும் கிணற்றங்கரையிலோ குளத்திலோ ஊற்றுவது முறையன்று. செடிகளுக்கும் உப்பும் சோடாவும் ஆகா. பங்கு இல்லத்தின் கழிவுநீர்த் தொட்டியில் விட்டோம்.

அலசி முடித்தபின் அவிழ்த்தல். ஒரு முனையைத் தமக்கையாரும் மறுமுனையைப் பேத்தியும் பிடித்து இழுக்க, பட், பட், பட்டென்று சுற்றுகள் தெறித்தன. நாம் தெறித்த நூலைப் பொறுக்கினோம். எதிர்பார்த்த அரக்குச் சிவப்பு வரவில்லை. செம்பருத்திப் பூவின் நிறமே வந்தது. உறவுப் பெண்கள் கட்டித் தமக்கையார் கண்ணுக்குத் தப்பிய சில புள்ளிகளில் சாயம் கசிந்து, பாதிப் பிறை போலாகிவிட்டன. ஓரத்தையலின் நூல் மட்டும், அது பாலியெஸ்டராதலால், சிவப்பின் நடுவே வெள்ளைக் கோடாக நின்றது. மற்றவை எல்லாம் சரியாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு முகடாக எழுந்து நின்றன. தமக்கையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "அதே மாதிரி இல்லை" என்றார். நிழலில் உலர்த்தி, மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியபின் இரு வாரம் செய்தியில்லை. ஞாயிறு தோறும் அவர் கோயிலுக்கு வெள்ளையிலேயே போகிறார் என்று பேத்தி மட்டும் சற்று மனக்குறையோடு தெரிவித்தாள். சூன் மாத இறுதியில், அலுவல் ஒன்றின்பொருட்டு அவ்வழியே செல்ல நேர்ந்தபோது, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழைந்தோம். அடுக்களையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தமக்கையார் செம்பருத்திச் சுங்குடியை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மியின்முன் நின்றிருந்தார். நம்மைக் கண்டதும் ஒரு நொடி திகைத்தார். மாற்றிக்கொள்ள உள்ளே போவார் என்று எண்ணினோம். போகவில்லை. "உட்காருங்கள், சாமி, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றார்.

பரிமாறும்போது கேட்டார்: அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, அவளும் கணவனை இழந்தவள், சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாளாம். இழையை எரித்துப் பார்த்தாயிற்று, பருத்திதான். நமது ஊர்க் கடையிலிருந்து ஒரு கிலோ சோடா வாங்கி அனுப்ப வேண்டும்.

"ஆப்பச் சோடா இல்லை" என்றார்.